கிணற்றில் விட்ட பத்து மீன்

என் அக்கா ஜெயப்பிரியா மீன் எண்ணும் வேலை பார்த்தாள். இதைச் சொன்னால் உத்திரமேரூரில் யாரும் நம்புவதில்லை. நான் வாத்தியாராக இருக்கும் பள்ளியில் ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். "எண்ணி என்ன சார் பண்ணுவாங்க, விப்பாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, எண்ணிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள் என்றேன். அதற்கப்புறம் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவள் இருந்தது தெற்கே ஒரு மலைச் சரணாலயத்தில். மலையின் பெயரை நான் எழுதப் போவதில்லை; காரணம் போகப் போகத் தெரியும். கடைசி பஸ் நிற்கும் ஊரிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் அரை நாள் நடை. தகரக் கூரை போட்ட ஒரு முகாம். கரண்டும் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. மாதத்தில் இருபத்தைந்து நாள் மேலே, ஐந்து நாள் கீழே. அரிசியும் பருப்பும் தலைச்சுமையாகப் போகும். ஓடையில் குப்புறப் படுத்து, முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் பார்த்து எண்ண வேண்டும். எந்த மீன், எத்தனை, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்று ஒரு பலகையில் குறிக்க வேண்டும். கரையேறினால் உடம்பெல்லாம் அட்டை. பதினொரு வருஷம் இதைச் செய்தாள். தற்காலிக வேலைதான்; பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்டித்து ஒரு கடிதம் வரும். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சொந்த ஊரான காவாந்தண்டலத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலமும் ஒரு பெரிய கல் கட்டுக் கிணறும் உண்டு. அப்பா கன்னியப்பன் நெல்லும் கரும்பும் போடுகிறவர். மகள் தூத்துக்குடிக்குப் போய் மீன்வளம் படித்தபோது, திரும்பி வந்து ஜீப்பில் ஏரி ஏரியாகப் போகிற அதிகாரி ஆவாள் என்று நினைத்தார். அவள் பரீட்சை எழுதினாள், ஒரு தடவை ஒன்றரை மார்க்கில் போயிற்று. அடுத்த தடவை எழுதவே இல்லை, மலைக்குப் போய்விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால் அம்மா ராணியம்மாள், "கெவருமெண்டு மாதிரி" என்பாள். அப்பாவுக்குப் பொய் வராது. "காட்டுல மீனு எண்ணுது" என்று சொல்லிவிடுவார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோய்விட்டது.

இவ்வளவையும் விட்டு அவள் அங்கே கிடந்தது ஒரு மீனுக்காக. விரல் நீளம்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. மலைக்காரர்கள் அதைக் கருவரியான் என்பார்கள். புத்தகத்தில் அதற்குப் பெயரே இல்லை. அக்காதான் முதலில் கவனித்தாள். மேல் ஓடை, கீழ் ஓடை, பக்கத்துப் பள்ளத்தாக்கு என்று பதினொரு வருஷம் தேடி, ஒரே ஒரு ஓடையில்தான் அது இருக்கிறது என்று உறுதி செய்தாள். முதல் வருஷம் நானூறுக்கு மேல் எண்ணினாள். பிறகு அணைத் தண்ணீரிலிருந்து, முட்டையையும் குஞ்சையும் தின்னும் ஜிலேபி மீன் மேலே ஏறிவந்தது. மூன்று வருஷம் மழையும் ஏமாற்றியது. நானூறு தொண்ணூறாகி, தொண்ணூறு முப்பதாகி, போன மார்கழியில் பதினாறு ஆயிற்று. பதினாறும் ஒரே ஒரு மடுவில். அந்த மடுவும் கோடைக்குத் தாங்காது என்று அளவெடுத்துப் பார்த்துச் சொன்னாள்.

சரணாலயத்திலிருந்து ஒரு மீனை வெளியே எடுக்க அனுமதி வேண்டும். மனு போட்டாள். மீனின் அறிவியல் பெயரைக் குறிப்பிடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னும் பெயர் வைக்காத மீன் என்று எழுதி மறுபடி போட்டாள். பெயரில்லாத மீனுக்கு அனுமதி தருவது எப்படி என்று கேட்டு மறுபடி வந்தது. மூன்றாவது மனுவுக்குப் பதிலே இல்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மீன் செத்துக்கொண்டிருக்கும்போது பெயர் கேட்கிறார்கள்.

தை மாதம் அவள் திருடினாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். பதினாறில் பதினொன்றைப் பிடித்து, மீன் குஞ்சு விற்பவர்கள் செய்வதுபோல் ஆக்சிஜன் அடைத்த கவரில் கட்டி, தெர்மகோல் பெட்டியில் வைத்தாள். ஐந்தை மடுவிலேயே விட்டாள். கூட வேலை செய்யும் வனக் காவலர் முத்துவேல் பெட்டியைத் தலையில் சுமந்து இறக்கினார். செக்போஸ்டில் என்ன பெட்டி என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குத் தயிரு" என்றாராம். செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை நான் போய் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வழியெல்லாம், "பள்ளத்துல வுடாதடா, பள்ளத்துல வுடாதடா" என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

எங்கள் கிணற்றை அவள் முன்னமே பார்த்து வைத்திருந்தாள். கயிற்றில் வெப்பமானி கட்டி இறக்கி, இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே தண்ணீர் குளிர்ச்சிதான் என்று பார்த்தாள். கல் இடுக்குகள் நிறைய இருந்தன. ஆடி மாதம் முட்டை போடும், அதுவரை தாங்கினால் போதும், மலையில் மழை பெய்ததும் குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. கவரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் படியில் குந்திக் காத்திருந்து, பிறகுதான் அவிழ்த்தாள். ஒன்று வழியிலேயே செத்திருந்தது. பத்து மீன் இறங்கின. கறுப்புக் கோடு ஒவ்வொன்றாக ஆழத்தில் மறைந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அப்பா வரப்பில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொடி மீனா வுட்டுக்கினு கீற?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்பாவிடம் சொன்னால் மறுநாள் காலையில் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். டீக்கடைக்குத் தெரிந்தால் யார் காதுக்கும் போகலாம். வேலை போவதோடு நிற்காது, கேஸும் ஆகும்.

"ஆமாம்பா, சும்மாதான்" என்றாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஓ, வெரால் வுடப் போறியா?"

எங்கள் பக்கத்தில் கிணற்றில் விரால் வளர்ப்பவர்கள் முதலில் பொடி மீனை விடுவார்கள். அது பெருகட்டும் என்று கொஞ்ச நாள் பொறுத்து, பிறகு விராலை விடுவார்கள். விராலுக்கு அதுதான் தீனி. பேச்சு அதோடு முடிந்தால் போதும் என்று அக்கா சிரித்தபடி தலையாட்டினாள். நானும் சிரித்தேன். படித்த மகள் கடைசியில் நம் ஊருக்கு உபயோகமாக ஏதோ செய்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை. அவள் மலையேறும் முன், தினமும் அரை மணி நேரம் மோட்டாரைப் போட்டுக் குழாயைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பிவிடச் சொன்னாள், தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று. ஒருநாள் தவறாமல் அப்பா அதைச் செய்தார்.

பங்குனியில் ஊர் ஏரி வற்றியது. குத்தகைக்காரர் மீன் பிடிக்க ஆள் விட்டார். ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பில் இருக்கும் சுப்பன் எங்கள் நிலத்திலும் வேலை செய்கிறவர். அன்று ஏரியில் வலை இழுத்தார். கூலியோடு கிடைத்த மீனில், கைநீளத்தில் ஏழு விராலை உயிரோடு எங்கள் அப்பாவுக்குக் குடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா நேராகக் கிணற்றுக்கு நடந்தார். சுப்பன் பின்னாலேயே போனார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்:

"நான் சொன்னன் சார். நைனா, அந்தப் பொடி மீனு நம்ம ஏரி மீனு கெடையாது, வாய்க்கா மீனும் கெடையாது. கோடு வேற மாதிரி கீது. பாப்பா எங்கிருந்தோ கொண்டாந்துகீது, ஒரு வார்த்தை கேட்டுக்கினு வுடுன்னேன்."

அப்பா கேட்கவும் செய்தார். வரப்பில் நின்றபடி இரண்டு தடவை அவளுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. குடத்தில் விரால் துள்ளியது. மகள் வரும்போது மீன் வளர்ந்து நிற்கட்டும், பார்த்து அசந்துபோகட்டும் என்று ஏழு விராலையும் கவிழ்த்துவிட்டார்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து ஊருக்கு வந்தால், அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டினார்.

"பாருடா தினேசு. ஏழு வுட்டன். எப்படி கெளம்பி நிக்குது பாரு!"

வெயிலில் மேலே வந்து ஒரு விரால் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பியது. நான் படியில் இறங்கிக் கடைசிக் கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். கறுப்புக் கோடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அன்றே தூண்டில் போட்டு இரண்டைப் பிடித்தேன். அப்பா என்மேல் கோபப்பட்டார். "அக்கா வர்ற வரிக்கும் உனுக்குப் பொறுக்காதா? நாக்கு அவ்ளோ நீளமா?" என்று கேட்டார். அவரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் தை மாதமே சொல்லியிருந்தால் எல்லாம் ஆகியிருக்கும். அவள்தான் பயந்தாள், எனக்கு என்ன கேடு? அப்பாவின் வாய்க்குப் பயந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவளுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. கீழே இருக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்து என்னவென்று சொல்வது? திருடிய மீன் திருட்டுப் போய்விட்டது என்றா?

அந்தச் சித்திரை முழுவதும் மலையில் வேலை ஜாஸ்தி என்று அவள் இறங்கவே இல்லை. வைகாசியில் செங்கல்பட்டிலிருந்து போன் செய்தாள். போய்க் கூட்டிவந்தேன். கறுத்து இளைத்திருந்தாள். பைக்கில் ஏறியதும் பேச ஆரம்பித்தாள். மடு வற்றிவிட்டது. சித்திரை பதினெட்டாம் தேதி அவளும் முத்துவேலும் போனபோது சேறுதான் இருந்தது. சேற்றில் ஐந்தில் மூன்றைக் காய்ந்த நிலையில் எடுத்தாள். மற்ற இரண்டைக் கொக்கு கொண்டுபோயிருக்கும்.

"ரெண்டு நாளு சாப்பிடல தினேசு. அப்பறம் யோசிச்சேன். நம்ம கெணத்துல பத்து கீது இல்ல? அத நெனச்சுதான் எழுந்து உட்கார்ந்தேன்."

பழையசீவரம் வரைக்கும் வண்டியை ஓட்டினேன். பாலாற்றில் மணல்தான் கிடந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, இறங்கச் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எத்தினி?"

"ஏழு."

"எவ்ளோ நீளம்?"

நான் கையைக் காட்டினேன்.

"எப்போ வுட்டாரு?"

"பங்குனி பத்து தேதிக்கு மேல."

அவள் உதடு அசைந்தது. ஒரு விரால் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது. கணக்கு முடிந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரு இன்னா பண்ணுவாரு? நான்தானே தலையாட்டுனேன்" என்றாள். அதற்கப்புறம் அழுதாள். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் வாத்தியார், தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று அங்கே இருந்தன. எனக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. ஒரு மனுஷி பதினொரு வருஷத்தைப் பறிகொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து அழலாம். வண்டியில் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பாவுக்குத் தெரிய வேணாம்டா. எப்பவும்."

மறுநாள் காலையில் கிணற்றை இறைக்க வேண்டும் என்றாள். கல் இடுக்கில் ஒன்றிரண்டாவது ஒளிந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. எனக்கும் இருந்தது. மகள் விராலை அறுவடை செய்யப்போகிறாள் என்று அப்பா உற்சாகமாக மோட்டாரைப் போட்டார். இரண்டு நாள் ஓடியது, தண்ணீர் கரும்புக்குப் போயிற்று. இடுப்பளவு ஆனதும் சுப்பனும் அக்காவும் உள்ளே இறங்கினார்கள். சுப்பன் ஒவ்வொரு கல் இடுக்கிலும் கைவிட்டுத் துழாவினார். என்ன தேடுகிறோம் என்று அவர் கேட்கவே இல்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்தது, நான்கு தவளை வந்தது. மீதியிருந்த ஐந்து விராலும் கொழுத்து வலையில் விழுந்தன. சாயங்காலம் சுப்பன் நிமிர்ந்து கையைக் கழுவினார்.

"இல்ல பாப்பா" என்றார். "இருந்தா என் கையில தட்டியிருக்கும்."

அக்கா அதற்கப்புறமும் இன்னொரு சுற்று தேடினாள். டார்ச்சை இடுக்கு இடுக்காக அடித்துப் பார்த்தாள். முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு மேலே வந்தாள். மலை ஓடையில் இனி எண்ண எதுவுமில்லை, இங்கேயும் இல்லை, வேறு எங்கும் இருந்ததும் இல்லை.

பின்னால் அவள் வருடாந்திர அறிக்கை எழுதினாள். மார்கழியில் பதினாறு, சித்திரையில் பூஜ்யம், மடு வறண்டது என்று எழுதி அனுப்பினாள். சேற்றில் எடுத்தது மூன்று என்றால் மற்ற பதின்மூன்று எங்கே என்று யாராவது கேட்பார்கள், உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. அறிக்கை கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அடுத்த பதினொரு மாதத்துக்கான கடிதம் வரவில்லை. இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இறால் தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது கிணறு இறைத்ததற்கு மறுநாள் மதியம்தான். விராலை நானே கழுவுகிறேன் என்று அக்கா அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்தாள். ஐந்தின் இரைப்பையையும் தனித்தனியாக எடுத்து, கிழித்து, ஒரு வாழை இலையில் பிரித்து வைத்தாள். மேலே ஓடையில் ஜிலேபியை அப்படித்தான் அறுத்துப் பார்ப்பாளாம். தவளைக் கால், பூச்சி இறக்கை, கொஞ்சம் சேறு. இரண்டு மாதத்துக்கு முன்னால் தின்றது இன்னுமா இருக்கும்? அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பார்த்தாள். பார்த்துவிட்டு இலையை மடித்து எருக்குழியில் போட்டாள்.

அம்மா புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். அக்கா சாப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் தட்டில் இன்னும் கை வைக்கவில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து, முள் பிரித்து, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள்.

"எப்படிம்மா கீது?"

"நல்லா கீதுப்பா."

அப்பாவுக்கு அதற்கப்புறம்தான் சோறு இறங்கியது. சாப்பிட்டபடியே, மோட்டார் போட்டது, போன் கிடைக்காமல் அவராகவே முடிவெடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். எந்த மகளுக்கும் எந்த அப்பாவும் அவ்வளவு ஆசையாக ஒரு வேலை செய்திருக்க மாட்டார்.

"அந்தப் பொடி மீனு கீதே, அது எங்க புடிச்ச? நம்மூர்ல கெடைக்கற தீனியெல்லாம் ஒண்ணுமே இல்ல. நாலே நாள்ல ஒண்ணு விடாம தின்னுட்டு, எல்லாம் மேல வந்து இன்னும் கேட்டுக்கினு நிக்குது. ருசி கண்டுடுச்சி" என்றார். "அடுத்த தபா வரும்போது அதையே ஒரு நூறாவது கொண்டாம்மா. பெரிய பெட்டியா எடுத்துக்கோ. தம்பி வண்டி எடுத்துக்கினு வருவான்."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"கொண்டாரேம்பா" என்றாள்.

அம்மா அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.